நல்ல பழம், கெட்ட வயிறு

ஆப்பிள், மாம்பழம், காலிஃபிளவர், வெங்காயம் - ஆரோக்கியத்துக்குப் பெயர்போன இவை சிலரது குடலில் மட்டும் கலகம் செய்கின்றன. உண்மையான குற்றவாளியைப் பிடிக்க வழி இருக்கிறது. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் ஒதுக்குவது அந்த வழியல்ல.

காலையில் ஆபீஸ் கிளம்புவதற்குள் மூன்று முறை கழிப்பறை. ரயிலில் டிக்கெட் எடுக்கும்போதே கழிப்பறைக்குப் பக்கத்தில் இடம் கிடைக்குமா என்ற கவலை. கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் பசிக்குப் பதில் பயம். வயிறு உப்பிக்கொள்கிறது, இழுத்துப் பிடிக்கிறது, மலம் கழித்தால் சற்று அடங்குகிறது. மறுநாள் மீண்டும் அதே கதை. டாக்டரிடம் போனால் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், எண்டோஸ்கோபி. ரிப்போர்ட்டில் எல்லாம் நார்மல். "ஒன்றுமில்லை, டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள்" என்ற ஆலோசனையோடு வீடு திரும்பும் நோயாளிக்கு அந்த 'ஒன்றுமில்லை'தான் பெரிய வேதனை.

இந்தத் தொல்லைக்கு மருத்துவம் வைத்துள்ள பெயர் எரிச்சல் குடல் நோய். சுருக்கமாக ஐ.பி.எஸ். தமிழில் எழுதினால் போலீஸ் உயரதிகாரிக்கும் இதற்கும் ஒரே எழுத்துகள்தான். இரண்டும் சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு வந்து நிற்கக்கூடியவை என்பதால் பொருத்தமில்லை என்றும் சொல்ல முடியாது.

இது அபூர்வமான நோயல்ல. இந்திய இரைப்பை குடல் மருத்துவச் சங்கத்தின் குழு நாட்டின் பல மையங்களில் நடத்தி 2008-ல் வெளியிட்ட ஆய்வில், பொதுமக்களில் 4.2 சதவீதத்தினருக்கு இது இருப்பது தெரியவந்தது. மேலை நாடுகளில் பெண்களே அதிகம் பாதிக்கப்படுகின்றனர். இந்த இந்திய ஆய்வில் சிகிச்சைக்கு வந்த நோயாளிகளிலோ ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆண்கள்.

இதை உறுதிசெய்யத் தனிச் சோதனை ஏதும் இல்லை. அறிகுறிகள்தான் அடையாளம். சர்வதேச நிபுணர்கள் 2016-ல் திருத்தி வெளியிட்ட 'ரோம்' விதிகளின்படி, கடந்த மூன்று மாதங்களில் சராசரியாக வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புடையதாகவோ, மலம் போகும் தடவைகளில் மாற்றத்தோடு வருவதாகவோ, மலத்தின் தன்மையில் மாற்றத்தோடு வருவதாகவோ இருக்க வேண்டும். இம்மூன்றில் இரண்டு பொருந்தி, தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருந்தால் அது ஐ.பி.எஸ். சிலருக்கு வயிற்றுப்போக்கு, சிலருக்கு மலச்சிக்கல், சிலருக்கு இரண்டும் மாறி மாறி. கடுமையான வாந்தி பேதிக்குப் பின் சுமார் பத்தில் ஒருவருக்கு இது ஒட்டிக்கொள்கிறது.

நோயாளிகள் பெரும்பாலும் முதலில் சுட்டிக்காட்டுவது சாப்பாட்டைத்தான். நீண்ட காலம் மருத்துவ உலகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மாற்றம் வந்தது ஆஸ்திரேலியாவிலிருந்து.

மெல்போர்ன் கண்டுபிடிப்பு

மெல்போர்ன் நகரின் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் பீட்டர் கிப்சனும் உணவியல் நிபுணர் சூ ஷெப்பர்டும் 2005-ல் ஒரு புதிய சொல்லை அறிமுகப்படுத்தினர்: ஃபோட்மேப். சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல், பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து நொதிக்கும் சிலவகைச் சர்க்கரைகளுக்கு அவர்கள் வைத்த பொதுப்பெயர் அது. பழங்களில் உள்ள ஃப்ரக்டோஸ், பாலில் உள்ள லாக்டோஸ், வெங்காயத்திலும் கோதுமையிலும் உள்ள ஃப்ரக்டான், பருப்பு வகைகளில் உள்ள காலக்டான், சில பழங்களிலும் காய்களிலும் உள்ள சார்பிடால், மானிட்டால் ஆகியவை இந்தக் கோஷ்டியின் உறுப்பினர்கள்.

இவை குடலில் இரண்டு வேலை செய்கின்றன. சிறிய சர்க்கரைகள் தண்ணீரை உள்ளே இழுத்துச் சிறுகுடலை நிரப்புகின்றன. நீண்ட சங்கிலிச் சர்க்கரைகள் பெருங்குடலுக்குப் போய்ச் சேர, அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றை விருந்தாக்கி வாயுவை வெளியிடுகின்றன. விளைவு: உப்பிய குடல்.

இது எல்லோருக்கும் நடப்பதுதான். ஃப்ரக்டானைச் செரிக்கும் நொதி எந்த மனிதக் குடலிலும் கிடையாது. அப்படியென்றால் ஏன் சிலருக்கு மட்டும் வலி? பிரிட்டனின் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ல் வெளியிட்ட எம்.ஆர்.ஐ. ஆய்வு இதற்கு விடை தந்தது. ஒரே சர்க்கரையைக் குடித்த ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கும் ஆரோக்கியமானவர்களுக்கும் குடலில் சேர்ந்த நீரும் வாயுவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நோயாளிகளுக்குத் தொல்லை அதிகம். வித்தியாசம் வாயுவின் அளவில் இல்லை, குடல் நரம்புகளின் உணர்ச்சியில் இருக்கிறது. பக்கத்து வீட்டு ரேடியோவின் சத்தம் ஒன்றுதான். ஒருவர் தூங்கிவிடுகிறார், மற்றவருக்குத் தலைவலி.

ஆக, இந்த நோயாளிகளின் வேதனை கற்பனையல்ல. அதேசமயம் பழமோ காயோ விஷமும் அல்ல.

பழக்கடையில்

'தினம் ஒரு ஆப்பிள்' என்ற பிரபலமான அறிவுரை இவர்களிடம் எடுபடாது. ஆப்பிளில் இரட்டை அபாயம். அதில் குளுக்கோஸைவிட ஃப்ரக்டோஸ் அதிகம்; கூடவே சார்பிடாலும் உண்டு. குளுக்கோஸ் துணைக்கு வந்தால் ஃப்ரக்டோஸைக் குடல் எளிதாக உள்ளே அனுப்பிவிடும். துணையில்லாமல் வரும் ஃப்ரக்டோஸ் வாசலிலேயே தேங்கி நிற்கும். பேரிக்காயும் இதே ரகம். காஷ்மீரிலிருந்தும் ஹிமாசலப் பிரதேசத்திலிருந்தும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கும் இந்தப் பழங்களைச் சாறாக்கிக் குடித்தால் நிலைமை மோசம்: ஒரு டம்ளர் சாறில் மூன்று நான்கு பழங்களின் சர்க்கரை இறங்கிவிடுகிறது.

மாம்பழத்திலும் தர்பூசணியிலும் உபரி ஃப்ரக்டோஸ். பிளம், பீச், ஆப்ரிகாட், செர்ரி ஆகியவற்றில் சார்பிடால். சீத்தாப்பழத்தில் ஃப்ரக்டான். பேரீச்சையும் உலர்ந்த அத்தியும் தண்ணீர் வற்றிய பழங்கள் என்பதால் ஒரு கைப்பிடியிலேயே சர்க்கரை செறிந்திருக்கும். தேனும் உபரி ஃப்ரக்டோஸ்தான். பழ சாலட்டில் தேனை ஊற்றுபவர்கள் ஒரே கிண்ணத்தில் இரண்டு எதிரிகளைச் சேர்க்கிறார்கள்.

இவை போனால் பழமே இல்லையா? நிறைய இருக்கிறது. ஆரஞ்சு, பப்பாளி, அன்னாசி, நன்கு கனிந்த கொய்யா ஆகியவை அளவோடு சாப்பிட்டால் பெரும்பாலோருக்குச் சிக்கல் தருவதில்லை. வாழைப்பழம் ஒரு வேடிக்கையான விஷயம். கெட்டியாக இருக்கும் பழத்தில் தொல்லைதரும் சர்க்கரை குறைவு. தோலில் புள்ளி விழும் அளவுக்குக் கனிந்ததும் ஃப்ரக்டான் கூடிவிடுவதாக மோனாஷ் பரிசோதனைக்கூடம் கண்டறிந்தது. வயிற்றுக்கு இதமென்று மிகக் கனிந்த பழத்தைத் தேடிப் பிடித்துச் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

அளவுதான் முக்கியம். சிகிச்சை நெறிமுறைகளை வகுக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008-ல் வெளியிட்ட ஐ.பி.எஸ். அறிவுரையில் நாளொன்றுக்கு மூன்று பங்கு பழம் போதும் என்கிறது. ஒரு பங்கு என்பது சுமார் 80 கிராம். நம் ஊரில் ஒரு முழு மாம்பழம் உரித்தாலே இந்தக் கணக்கில் பாதிக்கு மேல் முடிந்துவிடும்.

காய்கறிச் சந்தையில்

காலிஃபிளவரிலும் காளானிலும் இருப்பது மானிட்டால். குளிர்காலத்தில் வட இந்தியச் சந்தைகளில் காலிஃபிளவர் மலைபோல் குவியும். கோபி பராட்டா, ஆலு கோபி, கோபி மஞ்சூரியன் என்று மூன்று வேளையும் அதுதான். இலவச இணைப்பாகப் பச்சைப் பட்டாணி, அதில் காலக்டான். டெல்லியிலோ லக்னோவிலோ வசிக்கும் தமிழர்களுக்கு மார்கழியில் வயிறு மக்கர் செய்தால் குளிரை மட்டும் குற்றம் சொல்வதற்கில்லை.

சர்க்கரைவள்ளிக் கிழங்கில் அளவு கூடினால் மானிட்டால். பீட்ரூட்டில் ஃப்ரக்டான். முட்டைக்கோஸ் சிறிதளவு என்றால் பரவாயில்லை, கூடினால் சார்பிடால் எட்டிப்பார்க்கும். வெண்டைக்காயும் கத்திரிக்காயும் ஒரு கரண்டி அளவில் சாதுவானவை. கேரட், உருளைக்கிழங்கு, கீரை ஆகியவற்றைப் பெரும்பாலோர் தைரியமாகச் சாப்பிடலாம்.

பச்சை மிளகாய் விஷயம் வேறு. அதில் சர்க்கரைப் பிரச்னை இல்லை. காரத்துக்குக் காரணமான கேப்சைசின் குடலின் வலி நரம்புகளை நேரடியாகத் தூண்டுகிறது. லண்டன் ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் காரத்தை உணரும் நரம்பிழைகள் ஐ.பி.எஸ். நோயாளிகளின் குடலில் மற்றவர்களைவிட மூன்றரை மடங்கு அதிகமாக இருந்தன. ஆந்திர ஊறுகாயின் பழி சில நேரம் அதனுடன் சாப்பிட்ட காய்கறி மீது விழுந்துவிடுகிறது.

முதல் சந்தேகம் வெங்காயத்தின் மேல்

இந்திய உணவில் ஒரே ஒரு பொருளைச் சந்தேகிக்கச் சொன்னால் நிபுணர்கள் கைகாட்டுவது வெங்காயம், பூண்டு ஜோடியைத்தான். இரண்டிலும் ஃப்ரக்டான் ஏராளம். சின்ன வெங்காயத்துக்கும் விதிவிலக்கில்லை. வட இந்தியக் குருமாக்களின் அஸ்திவாரமே அரைத்த வெங்காயமும் பூண்டும்தான். ராஜ்மாவோடு சேர்ந்தால் காலக்டான், சப்பாத்தியோடு சேர்ந்தால் கோதுமை ஃப்ரக்டான், பக்கத்தில் வட்டமாக நறுக்கிய பச்சை வெங்காயம், முடிவில் மாம்பழம். தனித்தனியாகத் தாங்கக்கூடியவை ஒரே தட்டில் கூட்டணி சேரும்போதுதான் குடல் ஆட்சி கவிழ்கிறது. சாப்பிட்டவர் கடைசியாகச் சாப்பிட்ட மாம்பழத்தைத் திட்டுவார்.

வாசனையை இழக்காமல் தப்பிக்க ஒரு வழி உண்டு. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டுப் பற்களை எண்ணெயில் வதக்கி, பற்களை எடுத்து எறிந்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் வரும், ஃப்ரக்டான் வராது. ஆனால் இந்த எண்ணெயை அன்றன்றைக்குச் செய்துகொள்ள வேண்டும். பூண்டு ஊறிய எண்ணெயை நாள்கணக்கில் வெளியே வைத்தால் ஆபத்தான கிருமி வளரலாம். சாம்பாரில் கொதித்த வெங்காயத்தைப் பொறுக்கி ஒதுக்குவதால் பலனில்லை. அதன் சர்க்கரை ஏற்கெனவே சாம்பாரில் இறங்கியிருக்கும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி பாதுகாப்பானது. தலைமுறைகளாக வெங்காயமும் பூண்டும் இல்லாமலே சமைக்கும் ஜைனக் குடும்பங்களும் கோயில் மடைப்பள்ளிகளும் பெருங்காயத்தை வைத்தே சமாளிக்கின்றன. கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது சகஜம் என்றாலும் ஒரு சிட்டிகையில் வரும் அளவு மிகச் சொற்பம்.

பருப்பையும் பயறையும் நன்றாக ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் காலக்டான் ஓரளவு குறையும். பாட்டிகள் காரணம் சொல்லாமல் செய்த காரியம் இது.

'வாயுப் பதார்த்தம்' சரியா?

தமிழ் வீடுகளில் இப்படி ஒரு பட்டியல் எப்போதும் உண்டு. அதில் மொச்சை, கொண்டைக்கடலை, பட்டாணி ஆகியவை இடம்பெறுவதை அறிவியல் ஆமோதிக்கிறது. ஆனால் அதே பட்டியலில் முதல் வரிசையில் நிற்கும் உருளைக்கிழங்கு, ஃபோட்மேப் அளவீட்டில் குற்றமற்றது. எண்ணெயில் முக்கி எடுத்த போண்டாவும் வறுவலும் வயிற்றை மந்தமாக்கினால் அதில் எண்ணெயின் பங்கு பெரிது. மறுபக்கம், எந்தப் பாட்டியும் சந்தேகிக்காத ஆப்பிளும் தேனும் புதிய பட்டியலில் சேர்ந்துள்ளன.

பாலும் கவனிக்க வேண்டிய சாட்சி. 1981-ல் வெளியான ஓர் ஆய்வு, லாக்டோஸைச் செரிக்க முடியாதவர்கள் தென்னிந்தியர்களில் 66.6 சதவீதம், வட இந்தியர்களில் 27.4 சதவீதம் என்று காட்டியது. மாம்பழ மில்க் ஷேக்கைக் குடித்து அவதிப்படும் தென்னிந்தியர், பழத்தைக் கூண்டில் ஏற்றும் முன் பாலையும் விசாரிக்க வேண்டும். தயிரில் லாக்டோஸ் குறைவு என்பதால் பலருக்கு மோர் சாதம் ஒத்துக்கொள்கிறது.

பலன் தருமா?

ஷெப்பர்டின் குழு 2008-ல் வெளியிட்ட சோதனையில், உணவுக் கட்டுப்பாட்டால் ஏற்கெனவே குணம் கண்ட 25 பேருக்கு என்ன கொடுக்கப்படுகிறது என்று சொல்லாமலே பானங்கள் தரப்பட்டன. ஃப்ரக்டோஸ் குடித்தவர்களில் 70 சதவீதத்தினருக்கும், ஃப்ரக்டான் குடித்தவர்களில் 77 சதவீதத்தினருக்கும் தொல்லை திரும்பியது. குளுக்கோஸ் குடித்தபோது 14 சதவீதத்தினருக்கு மட்டுமே. 2014-ல் மோனாஷ் குழு 30 நோயாளிகளுக்கு மூன்று வாரம் உணவையே சமைத்துக் கொடுத்துப் பார்த்தது. ஃபோட்மேப் குறைந்த உணவில் அவர்களது தொல்லை, வழக்கமான உணவில் இருந்ததில் ஏறக்குறைய பாதியாகியது.

இது மந்திரமும் அல்ல. ஸ்வீடனில் 75 நோயாளிகளை வைத்து 2015-ல் வெளியான ஆய்வில் இந்தப் புதிய டயட் பாதிப் பேருக்குப் பலன் தந்தது. நேரத்துக்குச் சாப்பிடுங்கள், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள், கொழுப்பையும் காபியையும் குறையுங்கள் என்ற பழைய அறிவுரையும் 46 சதவீதத்தினருக்குப் பலன் தந்தது. எனவே பழைய அறிவுரையை முதலில் பின்பற்றிப் பார்ப்பதில் நஷ்டம் ஏதுமில்லை.

தவறு எங்கே நடக்கிறது?

பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் அதிலுள்ள எல்லாவற்றையும் ஆயுளுக்கும் விட்டுவிடுவது. இதைத்தான் பலர் செய்கிறார்கள். முதலில் வெங்காயம், பிறகு பருப்பு, பிறகு பழம், கடைசியில் ரசம் சாதமும் பயமும் மட்டும் மிச்சம். எடை குறைகிறது, நார்ச்சத்தும் கால்சியமும் குறைகின்றன. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் 2012 ஆய்வில், நான்கு வாரக் கட்டுப்பாட்டிலேயே குடலுக்கு நன்மை செய்யும் பிஃபிடோ பாக்டீரியாக்களின் எண்ணிக்கை குறைந்தது தெரியவந்தது. நொதிக்கும் சர்க்கரைகள் அந்தப் பாக்டீரியாக்களின் சாப்பாடு. ஒரேயடியாக நிறுத்தினால் அவையும் பட்டினி.

சரியான முறைக்கு மூன்று கட்டங்கள். முதல் கட்டம், நான்கு முதல் ஆறு வாரம்: தொல்லைதரும் பொருள்களைக் குறைப்பது. அதற்குள் முன்னேற்றம் தெரியாவிட்டால் பிரச்னை இந்தச் சர்க்கரைகளில் இல்லை, பழைய சாப்பாட்டுக்கே திரும்பிவிடலாம். இரண்டாம் கட்டம்: ஒவ்வொரு ரகத்திலும் ஒரு பொருளை மட்டும் எடுத்து, மூன்று நாள் அளவைக் கூட்டிக்கூட்டிச் சாப்பிட்டுப் பார்ப்பது. ஃப்ரக்டோஸுக்கு மாம்பழம், மானிட்டாலுக்குக் காலிஃபிளவர், ஃப்ரக்டானுக்கு வெங்காயம். என்ன, எவ்வளவு, எப்போது, என்ன நேர்ந்தது என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பது. மூன்றாம் கட்டம்: ஒத்துக்கொண்ட அனைத்தையும் தட்டுக்குத் திரும்பக் கொண்டுவருவது. எல்லா ரகமும் ஒருவரையே படுத்துவது அரிது. அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவக் கல்லூரி 2021-ல் வெளியிட்ட நெறிமுறையும் இந்த டயட்டைக் குறுகிய காலச் சோதனையாகவே பரிந்துரைக்கிறது. அறிகுறி எதுவும் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டாத பட்சத்தில், பணம் பிடுங்கும் உணவு ஒவ்வாமைச் சோதனைகள் வேண்டாம் என்றும் அது சொல்கிறது.

நார்ச்சத்துக்கு உள்ளூரிலேயே நல்ல பதில் உண்டு: இசப்கோல். குஜராத்தின் ஊஞ்சா சந்தையிலிருந்து உலகெங்கும் போகும் இந்த உமி, தவிட்டைவிட அதிக நிவாரணம் தருவதாக நெதர்லாந்தில் 275 நோயாளிகளிடம் நடத்தி 2009-ல் வெளியான ஆய்வு காட்டியது. போதிய தண்ணீரோடு குடிக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை.

இவை இருந்தால் காத்திருக்க வேண்டாம்

மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், ரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய், 45 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொல்லை. இவற்றில் ஒன்று இருந்தாலும் காய்கறிப் பட்டியலை மூடிவைத்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும். இந்தியாவில் குடல் காசநோயும் இதே வேடத்தில் வரக்கூடும். கோதுமை அதிகம் சாப்பிடும் வட மாநிலங்களில் சீலியாக் நோயையும் மறந்துவிட முடியாது. அதற்கான ரத்தப் பரிசோதனையைக் கோதுமையை நிறுத்தும் முன்பே செய்துகொள்ள வேண்டும்; நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். ஒவ்வொரு காயாக ஒதுக்கிப் பார்த்துக்கொண்டே மாதங்களைக் கழிப்பவர் இழப்பது ருசியை மட்டுமல்ல. சில சமயம் சிகிச்சைக்கான காலத்தையும்.

பயமுறுத்தும் அடையாளம் எதுவும் இல்லாதவர்களுக்கு ஒரு நோட்டும் கொஞ்சம் பொறுமையும் போதும். வெங்காயம்தான் குற்றவாளி, மாம்பழம் நிரபராதி என்று தெரிய சில வாரங்கள் ஆகலாம். விசாரணையை பிப்ரவரியிலேயே தொடங்கிவிட்டால் சீசனுக்குள் தீர்ப்பு வந்துவிடும்.